'போதும் நிறுத்து'

நாணல் குளத்தில் ஒரு தவளையும் ஒரு மரங்கொத்தியும் ஒரு சில்வண்டும் சேர்ந்து இசைக்குழு நடத்தின. தவளை பாடும். மரங்கொத்தி உளுத்த மரத்தில் தாளம் தட்டும். சில்வண்டு விடாமல் சுருதி சேர்க்கும். தவளை பெரிய பாறையின் மேல் ஏறி நின்றதும் கச்சேரி தொடங்கும்.

குழுவின் பெயர் 'போதும் நிறுத்து'. பெயரைக் கேட்டதுமே எல்லா விலங்குகளும் சிரித்தன. அந்தப் பெயருக்காகவே கூட்டம் சேர்ந்தது.

ஒருநாள் மலையடிவாரக் காட்டில் பகல் கச்சேரி. தவளை பாறைமேல் ஏறித் தொண்டையை உப்பிக்கொண்டு கேட்டது: "எங்கள் குழுவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது? சரியாகச் சொல்பவர் கேட்கும் பாட்டைத்தான் முதலில் பாடுவேன்!"

"எனக்குத் தெரியும்!" என்று குதித்தது குரங்கு. "நீ வீட்டில் பாடிப் பழகியிருப்பாய். உன் பெண்டாட்டி கத்தியிருப்பாள்!"

"இல்லை, இல்லை! தேன்கூட்டுக்குக் கீழே நின்று பாடியிருப்பீர்கள். தேனீக்கள் சொல்லியிருக்கும்!" என்றது கரடி.

"மழையே சொல்லியிருக்கும்! நீ கத்தினால் அது வந்துதானே ஆகவேண்டும்? பாவம், அதற்கும் ஓய்வு வேண்டாமா?" என்றது முயல்.

கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. தவளையும் சிரித்தது.

அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு பெண்மான் முன்னால் வந்தது. "நான் சொல்லட்டுமா?"

"சொல்லுங்கள் அக்கா!" என்றது தவளை.

"அதைச் சொன்னது நான்தான்."

இதுவும் வேடிக்கை என்று நினைத்து எல்லோரும் சிரித்தார்கள். மான் சிரிக்கவில்லை.

"போன வருஷம் நாங்கள் நாணல் குளத்தங்கரையில் இருந்தோம். என் குட்டிக்குக் கடுமையான காய்ச்சல். மூன்று நாள் கண் மூடவில்லை. நான்காம் நாள் மதியம்தான் கொஞ்சம் தூங்கியது. நீங்கள் பாட ஆரம்பித்தீர்கள். 'போதும், நிறுத்து!' என்று ஓடிவந்து கெஞ்சினேன். 'ஆகா, நல்ல பெயர் கிடைத்துவிட்டது!' என்று சொல்லி, நீ இன்னும் சத்தமாகப் பாடினாய்."

சிரிப்பு அடங்கிவிட்டது. மரங்கொத்தி சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது. சில்வண்டு ஓர் இலைக்கு அடியில் போனது.

அந்த மதியம் தவளைக்கு நன்றாக நினைவிருந்தது.

"குட்டிக்குக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியாது, அக்கா" என்று முணுமுணுத்தது.

"நீ கேட்கவில்லையே!"

தவளை தரையைப் பார்த்தபடி நின்றது. "குட்டி... பிழைத்ததா?" என்றது.

"பிழைத்தது. ஆனால் சத்தத்தில் மிரண்டு ஓடிப் பள்ளத்தில் விழுந்துவிட்டது. இன்றும் நொண்டித்தான் நடக்கிறது."

குரங்கு தலையைச் சொறிந்தது. கரடி யாரையும் பார்க்காமல் எழுந்து போனது.

தவளை பாறையை விட்டு இறங்கி மானின் காலடிக்கு வந்தது. "இன்றே அந்தப் பெயரை விட்டுவிடுகிறோம், அக்கா."

"விடு. ஆனால் பெயரை மாற்றினால் கால் சரியாகுமா?"

அன்று கச்சேரி நடக்கவில்லை. மூன்றும் குளத்துக்குத் திரும்பின.

வெகுநாள் கழித்துத்தான் அவை மறுபடியும் பாடின. இப்போது குழுவுக்குப் பெயரே இல்லை. பாடுவதற்கு முன்னால் தவளை புதர் புதராகப் போய், "யாருக்காவது உடம்பு சரியில்லையா? யாராவது தூங்குகிறார்களா?" என்று கேட்டுவிட்டு வரும். பழைய பெயர் என்ன ஆயிற்று என்று யாராவது விசாரித்தால் தலையைக் குனிந்துகொள்ளும். ஆனாலும் ஒன்றையும் மறைக்காமல் நடந்ததை முழுவதும் சொல்லும்.

அடுத்தவர் கெஞ்சுவதை வேடிக்கையாக்கிச் சிரிப்பவர், அந்தச் சிரிப்புக்காகவே ஒருநாள் வெட்கப்பட்டு நிற்பார்.