வயித்தைக் காட்டின மலைத்தேரை

மிருகமெல்லாம் பேசிக்கிட்டிருந்த அந்தக் காலத்துல, மலையில ஒரு உயிர் சும்மா இருந்தா மட்டும் பத்தாது. அது இன்னதுன்னு இருவாச்சிப் பறவை சொல்லணும். மழை தொடங்கறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரு பெரிய மரத்தடியில போய் நிப்பாங்க. இருவாச்சி உச்சிக்கிளையில உக்காந்து ஒவ்வொருத்தர் முதுகையும் பார்க்கும். நிறம், அடையாளம், பேரு, குடியிருக்க வேண்டிய இடம், நாலையும் சொல்லும். சொன்னது சொன்னதுதான். கிளையை விட்டு அது இறங்கினதே இல்ல. அவ்வளவு பெரிய மூக்கை வச்சுக்கிட்டு இறங்கி ஏர்றதும் சிரமந்தான்.

அந்த வருஷம் உச்சிமலை ஓடையிலேருந்து ஒரு சின்னத் தேரை வந்துச்சு. கட்டைவிரல் அளவு இருக்கும். வயிறு நிறைய முட்டை.

"பழுப்பு முதுகு, சொரசொரப்பு. வயல்தேரை. குட்டையில இடம். அடுத்தது யாரு?"ன்னுச்சு இருவாச்சி.

"நான் வயல்தேரை இல்லீங்க ஐயா."

பக்கத்துல நின்ன வயல்தேரை சிரிச்சுது. நல்லா கொழுத்த தேரை அது. "எங்க ஆளுதான் ஐயா. மலை மேல தீனி பத்தாம சூம்பிப்போயிருக்கு. குட்டைக்கு வா தங்கச்சி, நாலு நாள்ல தேறிடுவ."

"போன வருஷம் வந்தேனே அண்ணே. உங்க குட்டையில இட்ட முட்டை மொத்தமும் அழுகிப்போச்சு. ஓடுற தண்ணியில, கல்லுக்கு அடியில ஒட்டி வச்சாதான் எம் புள்ளைங்க பொழைக்கும்."

"ஓடையை மீனுக்கும் நண்டுக்கும் சொல்லியாச்சு. தேரைக்கு இல்ல. முதுகுல என்ன இருக்கோ அதான் நீ"ன்னுச்சு இருவாச்சி.

"என் முதுகை நானே பார்த்ததில்லீங்க. அதை வச்சு எனக்கு ஊர் சொல்றீங்களே! கொஞ்சம் இறங்கி வந்து பாருங்க."

"நான் இறங்கறதா?"

தேரை உச்சிக்கிளையை ஒரு தடவை பார்த்துச்சு. டப்புனு மல்லாந்து படுத்துச்சு.

அந்தக் காலத்துல மல்லாந்து கிடக்கறது செத்தவங்களும் தோத்தவங்களும் செய்யற வேலை. உசுரோட இருக்கற யாரும் ஊரறிய வயித்தைக் காட்ட மாட்டாங்க.

"அவ்வளவுதான், தோத்துட்டா"ன்னு கீரி சிரிச்சுது.

"தோத்தவ கண்ணை மூடுவா. நான் ஐயாவைப் பார்த்துக்கிட்டேதான் படுத்திருக்கேன். இந்த வயித்தையும் சேர்த்துச் சொல்ற வரைக்கும் திரும்ப மாட்டேன்."

வெயில் ஏறிச்சு, மர நிழல் தேரையை விட்டு நகர்ந்துடுச்சு. தோல் காஞ்சா தேரைக்கு உசுரு நிக்காது. இருவாச்சி அசையல. தேரையும் அசையல.

"திரும்பிடு தங்கச்சி, முட்டையோட போய்ச் சேர்ந்துடுவ"ன்னு வயல்தேரை கிட்ட வந்துச்சு.

"குட்டைக்கு வந்தாலும் முட்டை போயிடும் அண்ணே. நீங்க வெயிலை மறைக்கறதா இருந்தா நில்லுங்க. புத்தி சொல்றதா இருந்தா தள்ளிப் போங்க."

வயல்தேரை முனகிக்கிட்டே நிழலுக்கு நின்னுச்சு. அப்பதான் குனிஞ்சு பார்த்துச்சு. வயிறு பூரா பழுத்த மிளகு மாதிரி செவப்பு, நடுவுல மஞ்சப் புள்ளி.

"ஐயா, எங்க வம்சத்துலயே யாருக்கும் இப்படி ஒரு வயிறு கிடையாது. இவ எங்க ஆளு இல்ல. தப்பாச் சொல்லிட்டேன்."

கூட்டம் மொத்தமும் அண்ணாந்து பார்த்துச்சு. வேற வழியில்லாம இருவாச்சி ரெக்கையை விரிச்சு, முதல் தடவையா மண்ணுல இறங்கிச்சு. மூக்கைத் தேரைகிட்ட கொண்டுபோய், ரொம்ப நேரம் பார்த்துச்சு.

"இத்தனை வருஷமா இதை ஏன் யாரும் காட்டல?"

"நீங்க கேக்கல."

இருவாச்சி தொண்டையைச் செருமிச்சு. "செவப்பு வயிறு, மஞ்சப் புள்ளி. இதுவரைக்கும் சொல்லாத உயிர். பேரு மலைத்தேரை. ஓடையில இடம்."

"கல்லுக்கு அடியிலன்னு சேர்த்துக்கங்க."

"கல்லுக்கு அடியில."

தேரை புரண்டு எழுந்து, கும்பிடு கூடப் போடாம ஓடைப் பக்கம் நடந்துச்சு. முட்டைக்கு நேரமாச்சு.

அன்னைக்குப் பிடிச்ச பழக்கந்தான் இன்னைக்கும் விடல. மலைத்தேரையைத் தொட்டுப் பாருங்க, ஓடாது. மல்லாந்து, செவந்த வயித்தைக் காட்டிக்கிட்டு, கண்ணை மூடாம நம்மளையே பார்க்கும்.