மங்களராயருக்கு ஏழு பொன்னாடை

முன்னொரு காலத்தில், மழை எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகும் ஒரு சீமையை விசயகண்டன் என்ற ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் சொன்னதுதான் அவருக்குச் சரி. அமைச்சர் அறவாழிக்கு முப்பது வயதிலேயே தலை நரைத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

அந்தச் சித்திரையில் வெயில் கொளுத்தியது. ஏரி வற்றினால்தானே தூர்வார முடியும்? இருநூறு குடும்பங்கள் ஏரிக்குள் மண் வெட்டிக்கொண்டிருந்தன. பூவாயி என்பவள் தெருக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, அமைச்சரின் உதவியோடு கரையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு, உப்புப் போட்ட நீர்மோர் கொடுத்துவந்தாள். தலை சுற்றியவர்கள் சாய்ந்துகொள்ள அங்கே இருந்த ஒரே நிழலும் அதுதான்.

ஊர் அமைச்சரை வாழ்த்தியது. அரண்மனை உபசாரத் தலைவர் மங்களராயருக்கு வயிறு எரிந்தது. நேராக ராஜாவிடம் போனார்.

"மகாராஜா, வெயில் என்பதே சோம்பேறிகள் கட்டிவிட்ட கதை. பந்தல் இருப்பதால்தான் உட்காருகிறார்கள். பிரித்துவிட்டால் வேலை பறக்கும்."

ராஜாவைச் சுற்றி நாலு பக்கமும் வெட்டிவேர்த் தட்டி. இரண்டு பேர் அதற்கு ஓயாமல் தண்ணீர் தெளித்தார்கள், நாலு பேர் விசிறினார்கள். "ஆமாம், எனக்குக் குளிரக்கூடச் செய்கிறதே!" என்றார் அவர். என்னத்தைச் சொல்ல! பந்தல் அன்றைக்கே பிரிக்கப்பட்டது. மறுநாள் பூவாயியின் புருஷன் சடையனும் இன்னும் இரண்டு பேரும் சுருண்டு விழுந்தார்கள். பொழுது சாயும்வரை சடையன் கண் திறக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள் காலை அறவாழி சபையில் வந்து நின்றார்.

"அரசே, நான்காவது தடவையாகச் சொல்கிறேன். பந்தலைத் திரும்பப் போடாவிட்டால் அடுத்து விழுபவன் எழுந்திருக்க மாட்டான்."

"ராயர் வெயிலே இல்லை என்கிறாரே?"

"அவர் வெளியே போய்ப் பார்த்தாரா?"

"போகாமலேயே தெரிகிறது அமைச்சரே. அதற்குப் பெயர்தான் அறிவு" என்று மங்களராயர் மீசையைத் தடவினார்.

அறவாழிக்கு எந்தத் தூணிலாவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவர்களிடம் பேசிப் பேசித் தொண்டைதான் வறண்டது. சட்டென்று குரலை மாற்றினார்.

"தோற்றேன் அரசே. இந்த அறிவுக்கு ஒரு பொன்னாடை போதாது, ஏழு போர்த்துங்கள். அப்படியே ராயரை ஏரிக்கு அழைத்துப் போய் ஜனங்களுக்கும் விளக்கச் சொல்லுங்கள்."

அந்தச் சீமையில் பொன்னாடைக்கு ஒரு வழக்கம் உண்டு. ராஜா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போர்த்துவார். எடுப்பதானாலும் அவர்தான் வெறுங்காலோடு வந்து எடுக்க வேண்டும். வேறு யார் கை பட்டாலும் அரச நிந்தனை. போர்த்துவதென்றால் ராஜாவுக்குக் கொள்ளை ஆசை. ஜரிகை கனத்த ஏழு ஆடைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தினார். மங்களராயர் துணி மூட்டை மாதிரி பூரித்து நின்றார்.

உச்சிப்பொழுது. ராஜா யானைமேல், குடைக்குக் கீழே. ஜனங்கள் ஈரத்துண்டைத் தலையில் போட்டபடி கரையில் நின்றார்கள். அறவாழி சொல்லி வைத்திருந்தபடி பூவாயி ஒரு பானையோடு தயாராக இருந்தாள். மங்களராயர் காய்ந்த ஏரிக்கு நடுவே நின்று பேசத் தொடங்கினார்.

"மகாஜனங்களே! வெயில் என்பது வெறும் பிரமை..."

முதலில் வேர்வை ஊற்றியது. பிறகு அதுவும் நின்று, முகம் செக்கச்செவேலென்று ஆனது. திடீரென்று யானையைப் பார்த்துக் கும்பிட்டார். "மகாராஜா, காதை ஏன் இப்படி ஆட்டுகிறீர்கள்?" பிறகு ராஜாவைப் பார்த்து, "டேய் பாகா, இறங்குடா கீழே!" என்றார்.

"என்ன திமிர்!" என்று ராஜா கத்தினார்.

"திமிர் இல்லை அரசே, வெயில் தலைக்கேறிவிட்டது. சடையனும் விழுமுன் பெண்டாட்டியை அத்தை என்றுதான் கூப்பிட்டான். பொன்னாடைகளை உடனே எடுங்கள், இல்லையென்றால் ஆள் போய்விடுவார்!" என்றார் அறவாழி.

அதற்குள் மங்களராயர் சரிந்துவிட்டார். ராஜா பதறி இறங்கினார், செருப்பைக் கழற்றினார், ஓரடி வைத்தார். "ஐயோ, அம்மா!" ஒற்றைக் காலில் குதித்தபடியே போய் ஏழு ஆடைகளையும் உருவி எறிந்தார். ஜனங்களுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"தள்ளி நில்லுங்க சாமி, காத்து வரட்டும்!" என்றாள் பூவாயி. ராஜா தள்ளி நின்றார். நாலு பேர் தென்னங்கீற்றைத் தூக்கிப் பிடித்து நிழல் செய்தார்கள். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து, உடம்பெல்லாம் தண்ணீர் தெளித்து விசிறினார்கள். ஒரு சேவகன் வாயில் தண்ணீர் ஊற்றப் போனான். பூவாயி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நினைவில்லாதவுக வாயில ஊத்துனா மூச்சடைச்சுக்கும். முழிக்கட்டும், பொறவு கொஞ்சங் கொஞ்சமாக் குடுக்கலாம்."

வெகுநேரம் கழித்து மங்களராயர் கண்ணைத் திறந்தார். ஒரு மடக்கு மோர் உள்ளே போனதும் ஈனக்குரலில் கேட்டார். "பந்தல்... பந்தல் எங்கே?"

"பிரிச்சாச்சுங்க" என்றாள் பூவாயி. "நீங்கதான் சொன்னீக."

மங்களராயர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார், இந்தத் தடவை வெட்கத்தில்.

ராஜா ஈரச் சாக்கின்மேல் ஏறி நின்றுகொண்டு ஆணையிட்டார். தெருவுக்கொரு தண்ணீர்ப் பந்தல். எல்லாவற்றுக்கும் பூவாயிதான் தலைவி, செலவு அரண்மனையுடையது. உச்சியிலிருந்து வெயில் தாழும்வரை யாரும் மண்வெட்டியைத் தொடக் கூடாது. மங்களராயர் உடம்பு தேறியதும், மழை வரும்வரை பந்தலுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும். புதுப் பந்தலில் முதலில் சாய்ந்து உட்காரப்போவது சடையன்.

நாலு தடவை சொன்னபோது கேட்டிருக்கலாமே என்று அறவாழிக்கு வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டார்.

"அமைச்சரே!" ராஜா கீழே கிடந்த பொன்னாடை ஒன்றை உதறியபடி வந்தார். "உமது புத்திக்கு நான் இப்போதே..."

அறவாழி பத்தடி பின்னால் ஓடினார். "வேண்டாம் அரசே! மார்கழியில் போர்த்துங்கள், சத்தியமாக வாங்கிக்கொள்கிறேன்!"