மொட்டைவாலனுக்கு ஒரு கல்

"போனவங்களுக்கு நாம செய்யுறதெல்லாம்..." என்று அந்தக் காட்டின் கிழட்டுப் பெண் யானை அடிக்கடி தொடங்கும். தொடங்கியதை முடித்ததாக யாருக்கும் நினைவில்லை. பாதியில் ஒரு மூங்கில் குருத்து கண்ணில் பட்டுவிடும். அது தின்னப் போய்விடும். அதனால் மிச்சத்தை அவரவர் வசதிப்படி முடித்துக்கொண்டார்கள். நரி இப்படி முடித்தது: "...நாலு பேர் கண்ணுல படணும்."

காட்டின் நடுவே ஒரு மணலோடை இருந்தது. மழைக்காலத்தில் மட்டும் அதில் தண்ணீர் ஓடும். அதன் மேற்கோடியில், பாறைகளுக்கு இடையே ஆழமான மடு ஒன்று உண்டு. காட்டெருமை மந்தை அங்கேதான் குடிக்கும். அந்தக் கொம்புகளுக்கு நடுவே போய் நிற்க வேறு யாருக்கும் துணிச்சல் இல்லை. இந்தக் கோடையில் மடுவும் இறங்கிவிட்டது. கன்றுகள் முன்னங்காலை மடக்கி, கழுத்தை நீட்டிக் குடித்தன. மந்தையின் தலைவன் கருமுகன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தது.

முயல், மான், கீரி, நரி எல்லாம் குடித்தது ஓடையின் கீழ்ப்பக்கத்தில். அங்கே மொட்டைவாலன் என்ற காட்டுப்பன்றி தினமும் காலையில் மணலைத் தோண்டி ஊற்று எடுக்கும். பொழுது சாய்வதற்குள் மணல் சரிந்து மூடிவிடும். மறுநாள் மறுபடியும் தோண்டும். வாலில் பாதியை ஏதோ சண்டையில் இழந்த பன்றி அது. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பன்றி என்றால் மண்ணைக் கிளறத்தானே செய்யும் என்று விட்டுவிட்டார்கள்.

கருமுகனுக்கு மட்டும் அதை வேறுவிதமாகத் தெரியும். இளவயதில் இன்னொரு காளையிடம் முட்டுப்பட்டு, மந்தையை விட்டுத் துரத்தப்பட்டு, அது இந்த மணலில்தான் வந்து விழுந்தது. இனி எழுந்திருப்பதில்லை என்று கிடந்தது. பக்கத்தில் தோண்டிக்கொண்டிருந்த மொட்டைவாலன் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"அழுறதா இருந்தா அந்தப் பக்கம் போய் அழுடா. நீ விடுற மூச்சுல இங்க மணல் சரியுது" என்றது.

கருமுகனுக்குக் கோபம் வந்தது. கோபத்தில் தலையைத் தூக்கிப் பார்த்தது. குழி சரிந்தது, பன்றி தோண்டியது. மறுபடி சரிந்தது, மறுபடி தோண்டியது. வைதபடியே, சிரித்தபடியே தோண்டியது. வெயில் ஏறும்போது குழியின் அடியில் ஈரம் தெரிந்தது. முதல் வாயை அது குடிக்கவில்லை. "வந்து குடி" என்று ஒதுங்கி நின்றது.

அந்த வருடமே கருமுகன் திரும்பிப் போய் அந்தக் காளையை வென்றது. மந்தை அதன் பின்னால் வந்தது.

தலைவனான பிறகு கீழ்ப்பக்கம் வருவது குறைந்தது. ஒருநாள் மந்தையோடு நடக்கும்போது சேற்றில் ஊறிய மொட்டைவாலன் எதிரே வந்து, "என்னடா கருமுகா, கொழுத்துட்டியே!" என்று கூப்பிட்டது. பசுக்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. கருமுகன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஏதோ தழையை முகர்ந்தபடி கடந்துவிட்டது. அதன் பிறகு பன்றி அந்த வழியில் குறுக்கிடவில்லை.

இந்தக் கோடையில் மொட்டைவாலனுக்கு உடம்பு முடியாமல் போயிற்று. ஒருமுறை வந்துவிட்டுப் போகும்படி மைனாவிடம் சொல்லி அனுப்பியது. கன்றுகளை விட்டு நகர முடியவில்லை, பார்க்கலாம் என்றது கருமுகன். மைனா இரண்டாம் முறை வந்தபோதும் கருமுகன் அதையே சொன்னது. அடுத்து மைனா வந்தது பன்றி இறந்த செய்தியோடு.

கருமுகனுக்குப் புல் இறங்கவில்லை. அந்தச் சமயம் பார்த்து நரி வந்தது. இப்படிப்பட்ட நண்பருக்குக் காடே பார்க்கும்படி ஒரு கல் வைக்க வேண்டாமா என்று கேட்டது. அதுவும் தலைவர் கையால் வைத்தால் எப்படி இருக்கும் என்றது. கருமுகன் உடனே எழுந்தது. நரி காட்டிய கல் போதவில்லை. மலைச்சரிவில் கிடந்த இன்னும் பெரிய பாறையைத் தேடிப் பிடித்து, தோளைக் கொடுத்துத் தள்ளியது. தோல் உரிந்தது. அழுதுகொண்டே தள்ளியது.

அந்தப் பக்கம் வந்து வருடங்களானதால் கருமுகனுக்கு அடையாளம் தெரியவில்லை; மொட்டைவாலன் எப்போதும் நின்ற இடம் எது என்று நரியிடம் கேட்டது. நரி காட்டிய இடத்தில் மணல் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. கல் உட்கார அளவெடுத்து வைத்ததுபோல் இருந்தது. பக்கத்தில் நின்ற முயல் வாயைத் திறந்தது. பெரியவர்கள் காரியம் செய்யும்போது குறுக்கே பேசக் கூடாது என்று நரி அதன் காலை மிதித்தது.

கல் உட்கார்ந்தது. எல்லோரும் கூடினார்கள். மைனா பேசியது. நரி பேசியது, அதில் பாதி, கல்லைத் தேடித் தான் அலைந்த கதை. கடைசியில் கருமுகன் பேசியது. "அவன் இல்லேன்னா நான் இல்லை" என்றபோது அதன் குரல் உடைந்தது. கூட்டம் தலை குனிந்தது. நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியதுபோல் கருமுகனுக்கு இருந்தது.

அப்போதுதான் மொட்டைவாலனின் மனைவி சேத்தாயி குட்டிகளோடு வந்து சேர்ந்தது. ஒரு வார்த்தை பேசும்படி கருமுகன் கேட்டுக்கொண்டது. சேத்தாயி கல்லைச் சுற்றி வந்தது. அடியில் மூக்கை வைத்து முகர்ந்தது.

"கல்லு நல்லாத்தான் இருக்கு அண்ணே. ஆனா ஊத்து இதுக்கு அடியில இருக்கு. அவரு போனதுக்கப்புறம் நான்தான் தோண்டிக்கிட்டு இருக்கேன். இன்னிக்குத் தோண்ட வந்தேன்."

கருமுகன் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தது. இங்கே குடிக்கிறவர்களுக்குத் தெரியாதா, ஏன் ஒருத்தரும் சொல்லவில்லை என்று உறுமியது.

முயல்தான் பதில் சொன்னது. "அழுதுக்கிட்டே தள்ளுனீங்க தலைவரே. அப்போ எப்படிச் சொல்றது?"

கருமுகன் கல்லை விட்டு விலகி வந்தது. சேத்தாயியிடம் மெதுவாகக் கேட்டது: "கடைசியா என்னைப் பத்தி ஏதாவது சொன்னானா? திட்டுனானா?"

"திட்டலண்ணே. முடியாத உடம்போட மேல மடுவைப் போய்ப் பார்த்துட்டு வந்தாரு. பாறையில பாசிக்கோட்டுக்கு ரொம்பக் கீழ தண்ணி இறங்கிடுச்சு, இந்த வருஷம் தாங்காதுன்னாரு. அவன் மந்தையில கன்னுங்க இருக்கே, ஊத்து இருக்கிற இடத்தை அவனுக்குக் காட்டிடணும்னாரு. அதுக்குத்தான் வரச் சொன்னது."

"அதை மைனாகிட்ட சொல்லி அனுப்பியிருக்கலாமே."

"நானும் அதைத்தான் சொன்னேன். மைனா வாய்க்குப் போனா காடே பேசும், தலைவன் மடு வத்திப்போச்சுன்னு தெரிஞ்சா அவனுக்கு அசிங்கம்னாரு."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கருமுகன் கல்லைப் பார்க்க முடியாமல் மணலைப் பார்த்தது. மந்தையின் பசுக்கள் கரையில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தன. ஒரு கன்று தாகத்தில் தாயின் மடியை முட்டியது.

நரி காதோரம் வந்தது. திறந்து வைத்த அன்றைக்கே எடுத்தால் தலைவரின் மதிப்பு என்னாவது என்றது. இரண்டு மழை போகட்டும், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து நகர்த்திக்கொள்ளலாம் என்றது. கருமுகன் கொஞ்ச நேரம் அதைக் கேட்கவும் செய்தது.

உயிரோடு இருந்தபோது முகம் திருப்பிக்கொண்டவர், இறந்த பிறகு எவ்வளவு பெரிய கல் வைத்தாலும் அது நன்றியாகாது. நண்பன் விட்டுப்போன வேலையில் இறங்குவதே நன்றி.

எல்லோரும் பார்க்க இப்போதே கல்லைப் புரட்டிவிடுவது, நாளைக் காலையிலிருந்து சேத்தாயியோடு நின்று ஊற்றைத் தோண்டுவது, முதல் வாய் குடிக்காமல் ஒதுங்கி நிற்பது என்று கருமுகன் முடிவு செய்தது.