வேர்த்த ஜாடி

"ஒரு கப் கேக்கை எத்தனை நாள் கெடாம வைக்கலாம்?" என்று தொம்மை கேட்டார்.

ஜெசிந்தா ஓவன் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள்.

"யார் சாப்பிட?"

"மகன்."

"எப்ப வாரான்?"

தொம்மை அலமாரியில் இருந்த கேக்குகளைப் பார்த்தார். அவருடைய மகன் ஆன்றோ போன படகு ஒரு வாரமாகக் கரை திரும்பவில்லை என்பது அந்த மீன்பிடித் துறையில் எல்லோருக்கும் தெரியும். படகில் ஐந்து பேர். தேடப் போனவர்கள் ஒரு மிதவையை மட்டும் கொண்டுவந்தார்கள்.

ஜெசிந்தாவுக்கும் அது தெரியும். அவள் மறுபடி கேட்கவில்லை.

"வெளியில மூணு நாள். நம்ம ஊர்க் காத்துக்கு நாலாம் நாள் பூஞ்சை பிடிச்சிரும். ஃபிரிட்ஜில வச்சா வறண்டு போகும். ஃபிரீசர்ல, காத்துப் புகாமச் சுத்தி வச்சா ரெண்டு மூணு மாசம் தாங்கும்."

"ஃபிரீசர் ஆகாது. மாதா படத்துக்குக் கீழ இருக்கணும். பாத்தா தெரியணும்."

"அப்ப மூணு நாள்தான்."

"அதுக்கு மேல வழியே இல்லையா?"

"இருக்கு. மூணாம் நாள் புதுசு செஞ்சு வைக்கணும்."

தொம்மை ஓவனைப் பார்த்தார். "அப்ப செய்யக் கத்துக்குடு" என்றார்.

அவருக்கு அறுபத்து நான்கு வயது. அவளுக்கு முப்பத்தாறு. அந்த பேக்கரிக்கு மாஸ்டர் அவள்தான்.

மறுநாள் விடியற்காலை அவர் வேலைக்கு வந்தார். மூன்று நாளுக்கு ஒருமுறை ஒரே ஒரு கப் கேக் வாங்கினால் ஊர் கேட்கும். வேலைக்குப் போகிற மனிதனை யாரும் கேட்கமாட்டார்கள்.

கேட்காவிட்டாலும் சிரித்தார்கள்.

"என்னவே தொம்மை, சுறா அறுத்த கையில கேக்கா? மீன் வாடை அடிக்குமேவே."

"உம்ம வாய்க்கு அது பரவாயில்ல" என்றார் தொம்மை.

மாவை அதிகம் கலக்கக் கூடாது என்று ஜெசிந்தா சொல்லித்தந்தாள். பேப்பர் கப்பில் முக்கால் அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. ஓவனை இடையில் திறந்து பார்க்கக் கூடாது. தொம்மை முதல் வாரம் கூடாத அந்த மூன்றையும் செய்தார்.

"வலை இழுக்கிற மாதிரி கிண்டாதீங்க, பெரியப்பா."

"எனக்குத் தெரிஞ்சது அதுதான், மாஸ்டர்."

அவர் மாஸ்டர் என்று கூப்பிட்டது முதலில் கேலியாகத்தான். இரண்டாம் மாதம் அதில் கேலி இல்லை.

ஒன்றை மட்டும் அவள் பலமுறை சொன்னாள். "நல்லா ஆறின பிறகுதான் மூடணும். சூட்டோட மூடினா ஜாடி வேர்க்கும். வேர்த்த தண்ணி கேக் மேலயே சொட்டும்."

முதல் கப் கேக் ஆன்றோவின் பிறந்தநாளுக்கு வாங்கியது. சிவப்புப் பேப்பர், மேலே ஒரு முந்திரி. படகு அன்று மாலை வந்திருக்க வேண்டும். வரவில்லை. தொம்மையின் மனைவி மரியபுஷ்பம் அதை ஒரு கண்ணாடி ஜாடியில் வைத்து மூடி, மாதா படத்தின் கீழே வைத்தாள். ஏழாம் நாள் பங்குச்சாமியார் வந்து நினைவுப் பூசை பற்றி மெதுவாகப் பேச்செடுத்தார்.

"இது கெடுற அன்னைக்குப் பூசை வைங்க, சாமி" என்றாள் அவள். "அதுவரைக்கும் எம் பிள்ளை வருவான்."

அப்போது ஜாடிக்குள் இருந்தது இரண்டாவது கேக். முதலாவது நாலாம் நாளே பச்சை பிடித்திருந்தது. அவள் கோவிலுக்குப் போயிருந்த நேரத்தில் தொம்மை அதை எடுத்துவிட்டுக் கடையில் வாங்கியதை வைத்திருந்தார். சாமியாரிடம் அவள் சொன்னதை அவர் வாசலில் நின்று கேட்டார். அன்றுதான் ஜெசிந்தாவிடம் வந்தார்.

அந்தத் துறையில் ஒரு வழக்கம் உண்டு. ஒரே படகில் போனவர்களுக்கு ஒரே பூசை. ஒரு வீடு சம்மதிக்காவிட்டாலும் மற்ற வீடுகள் காத்திருக்க வேண்டும். பூசை வைக்கும்வரை அந்தப் பெண்கள் தாலியைக் கழற்றுவதில்லை. துறையை விட்டு வெளியூர் போவதுமில்லை.

அப்படிக் காத்திருந்தவர்களில் ஒருத்தி பிரகாசி. புருஷன் கித்தேரியான் அதே படகில் போனவன். பாளையங்கோட்டையில் ஒரு பள்ளி விடுதியில் அவளுக்குச் சமையல் வேலை பார்த்து வைத்திருந்தான் அவளுடைய அண்ணன். தங்க இடம், பிள்ளைகள் இரண்டுக்கும் படிப்பு. அவள் போக முடியவில்லை.

"ஒரு கேக்கு கெடலைன்னு எங்க நாலு வீட்டையும் கட்டிப் போட்டிருக்காங்க" என்று குழாயடியில் சத்தமாகவே சொன்னாள். தொம்மை அந்தப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார். நிற்காமல் போனார்.

இப்படி ஏழு மாதம் போயிற்று.

ஏழாம் மாதத்தில் ஒரு நாள் முழுக்க கரண்ட் இல்லை. கடையில் ஒன்றும் சுடவில்லை. ஜாடியில் இருந்ததை மாற்ற வேண்டிய நாள் அது. மறுநாள் விடிந்தபோது அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி. கரண்ட் வந்ததும் தொம்மை முதல் டிரேயில் ஒன்றை எடுத்துத் துண்டில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். மரியபுஷ்பம் ஆறு மணிப் பூசைக்குப் போயிருந்தாள். சாமியாருக்குத் தொண்டை கட்டியிருந்ததால் அன்று பிரசங்கம் இல்லை. பூசை சீக்கிரம் முடிந்துவிட்டது.

பழையதை எடுத்து மடியில் போட்டு, புதியதை வைத்து, மூடியை இறுக்கும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

மரியபுஷ்பம் உள்ளே வந்து மாதாவைக் கும்பிட்டாள். பிறகு ஜாடியைப் பார்த்தாள். கண்ணாடி உள்பக்கமாகப் பனி படிந்து மங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு துளி திரண்டு கீழே இறங்கியது.

"மூச்சு" என்றாள்.

எட்டு மணிக்குத் தெரு முழுக்க அவர்கள் வீட்டில் இருந்தது. ஏழு மாதமாகக் கெடாத கேக், இப்போது மூச்சும் விடுகிறது. மெழுகுவத்திகள் வந்தன. யாரோ ஜெபமாலை தொடங்கினார்கள். பிரகாசி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஜாடியின் முன் முழங்காலிட்டாள், வெகுநேரம் எழவில்லை.

"உம்ம மகன் உசுரோட இருக்கான்வே" என்று ஒருவர் தொம்மையின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

தொம்மை கடைக்கு வந்தார். ஜெசிந்தா முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். அதற்குள் செய்தி அங்கேயும் வந்திருந்தது.

"சூட்டோட மூடிட்டேன், மாஸ்டர்."

"தெரியாமலா?"

"தெரிஞ்சுதான். அவ வாசலுக்கு வந்துட்டா."

அவள் அடுத்த முட்டையை எடுத்தாள்.

"நீ முதல்லயே தடுத்திருக்கலாம்" என்றார்.

"நீங்க கெடாம வைக்க வழி கேட்டீங்க. சொன்னேன்."

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்." அவள் கையிலிருந்த முட்டையைக் கீழே வைத்தாள். "நானும்தான் ஏழு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

மதியம் பிரகாசி கடைக்கு வந்தாள். கையில் ஒரு கண்ணாடி ஜாடி, ஊறுகாய் வாசம் போகத் தேய்த்துக் கழுவியது.

"அத்தை வீட்டுல இருக்கிற மாதிரியே ஒண்ணு தாங்க, மாமா. சிவப்புப் பேப்பர். பாளையங்கோட்டை வேலை வேண்டாம்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன்."

அவள் முகத்தில் மஞ்சள் பூசியிருந்தாள். தொம்மை அலமாரியைத் திறந்தார். நன்றாக ஆறியதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, ஜாடியில் வைத்து மூடிக் கொடுத்தார். ஏழு மாதத்தில் கை அப்படிப் பழகியிருந்தது.

மறுநாள் காலை அவள் மறுபடி வந்தாள். ஜாடியை மேசைமேல் வைத்தாள். கண்ணாடி தெளிவாக இருந்தது.

"மூச்சு வரல, மாமா."

தொம்மை ஜாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மெழுகுவத்தி ஏத்தினேன். பிள்ளைங்களையும் ஜெபிக்கச் சொன்னேன். அஞ்சு பேரும் ஒரே படகுலதான போனாங்க? ஆன்றோ மூச்சு விடுதான். அப்ப எங்க வீட்டுக்காரர் மட்டும் போயிட்டாரா?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"குழாயடியில ஏசினேனே, அதனாலயா?"

"இல்ல."

"பின்ன எதனால?"

தொம்மை உள்ளே போனார். "நான் என்ன சொல்ல?" என்று ஜெசிந்தாவிடம் கேட்டார்.

ஜெசிந்தா ஓவனைத் திறந்தாள். டிரேயை இழுத்து மேசைமேல் வைத்தாள். கேக்குகளின் மேல் ஆவி பறந்தது. வெளியே போய்ப் பிரகாசியின் ஜாடியை வாங்கிவந்தாள். உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு, ஈரமில்லாமல் துடைத்து, தொம்மையிடம் கொடுத்தாள்.

"சூடா ஒண்ணு வச்சு மூடுங்க."

"இங்கயா?"

"இங்க மூடினாலும் சரி, அவ முன்னால போய் மூடினாலும் சரி. எங்க மூடினாலும் வேர்க்கும்."

தொம்மை ஜாடியோடு நின்றார். இங்கேயே மூடி எடுத்துப் போனால் பிரகாசி அதைக் கும்பிட்டபடி வீட்டுக்குப் போவாள். மூன்று நாள் கழித்து மறுபடி வருவாள். அவளுக்குப் பின்னால் மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் ஜாடியோடு வருவார்கள்.

டிரே ஆறிக்கொண்டிருந்தது. ஜெசிந்தா அவரை அவசரப்படுத்தவில்லை. அவரைப் பார்க்கவும் இல்லை.

அவர் ஒரு கேக்கை எடுத்தார். ஒரு கையில் கேக்கும் மறு கையில் ஜாடியுமாக வெளியே போனார். பிரகாசிக்கு முன்னால் கேக்கை ஜாடிக்குள் இறக்கி, மூடியைத் திருகினார்.

இருவரும் பார்த்தார்கள். முதலில் மூடிக்குக் கீழே ஒரு வளையமாகப் பனி படிந்தது. அது மெல்லக் கீழே இறங்கியது. பிறகு ஜாடிக்குள் இருப்பது தெரியவில்லை.

பிரகாசி விரலால் ஜாடியைத் தொட்டுப் பார்த்தாள்.

"எத்தனை நாளா, மாமா?"

"ஏழு மாசம்."

"அத்தைக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"நீங்க எங்கிட்ட நேத்தே சொல்லியிருக்கலாம். அவரு போயிட்டாருன்னு முந்தாநாளே நான் அழுது முடிச்சிருந்தேன்."

தொம்மை தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன்" என்றாள். "அத்தைகிட்ட நீங்கதான் சொல்லணும்."

அவள் ஜாடியை எடுக்காமல் போனாள்.

தொம்மை நாலு நாள் கடைக்கு வரவில்லை. ஜெசிந்தா ஆள் அனுப்பவில்லை. ஐந்தாம் நாள் காலையில் வந்தார். சவரம் செய்திருக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு மாவு சலிக்க உட்கார்ந்தார்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"என்ன சொன்னாங்க?"

"முதல்ல வாங்கினது எங்கன்னு கேட்டா."

"எங்க?"

"கடல்ல போட்டேன். அதைத்தான் சொன்னேன்."

"அப்புறம்?"

"அதுக்கு மேல கேக்கல. ஜாடியைக் கழுவிக் கவுத்து வச்சா. மூணு நாள் எங்கூடப் பேசல. சோறு மட்டும் வச்சா." அவர் சல்லடையைத் தட்டினார். "நேத்து அவளே போய்ச் சாமியார்கிட்ட தேதி கேட்டிருக்கா. வார ஞாயித்துக்கிழமை, அஞ்சு பேருக்கும் பூசை."

ஜெசிந்தா அடுப்பைக் குறைத்தாள்.

"பிரகாசி வந்து அவ பக்கத்துல உக்காந்திருந்தா. ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கல."

"ம்."

பூசை முடிந்து வருகிறவர்களுக்குக் கோவில் வாசலில் ஏதாவது கொடுப்பார்கள். பெரும்பாலும் பன்.

"அவளுக்கு இதுதான் வேணுமாம்" என்றார் தொம்மை. "சிவப்புப் பேப்பர், மேல முந்திரி. இருநூறு. நானே செய்யணுமாம்."

"செய்யுங்க."

"சனிக்கிழமையே சுட்டு நல்லா ஆற வச்சிரட்டா? இருநூறு அடுக்க எத்தனை டப்பா வேணும்? காத்துப் புகாத மூடி நம்மகிட்ட நாலுதான் இருக்கு."

"ஞாயித்துக்கிழமை காலையில சுடுங்க, பெரியப்பா" என்றாள் ஜெசிந்தா. "டப்பா வேண்டாம். தட்டுல எடுத்துட்டுப் போங்க."