முப்பத்தாறாம் மனை

மலையடிவாரத்தில் ஒரு நகரம் இருந்தது. அதன் தெருக்களுக்கு மேடேறிப் போக ஆசை. அந்த ஆசைக்குக் கோடு போட்டுக் கொடுப்பவர் மயில்சாமி, மனை பிரிக்கும் பொறியாளர்.

ஒருநாள் அவர் மேஜையில் இரண்டு வரைபடங்கள் அருகருகே கிடந்தன. புதியதில் பளபளவென்று நாற்பது மனைகள். அறுபது வருஷப் பழையதில் மேடுபள்ளம் காட்டும் பழுப்புக் கோடுகளும் நடுவே ஒரு கறுப்புக் கோடும்தான்.

"உன்னிடம் ஒரு வீடுகூட இல்லையே!" என்று சீண்டியது புதியது.

"வீடுகள் இனி வரட்டும், நல்லதுதான்," என்றது பழையது. "அதுசரி, உன் நடுவில் ஓடும் சாலையை எங்கே பிடித்தாய்?"

"உன்னிடம்தான். நீ கறுப்பில் போட்டிருந்த பாதையை அகலமாக்கினோம்."

பழையதற்குத் தூக்கிவாரிப்போட்டது. "பாதையா? அது ஓடை! எப்போதும் தண்ணீர் ஓடினால் நீலம், மழைக்கு மட்டும் ஓடினால் கறுப்பு. எங்கள் வழக்கம் அது."

அந்நேரம் தையல்கடை சரசம்மாள் உள்ளே வந்தாள். அந்தச் சாலையோரத்து முப்பத்தாறாம் மனையை அவள் பேசி முடித்திருந்தாள். "வெள்ளிக்கிழமை பூமி பூசைங்க. பந்தலுக்குச் சொல்லிட்டேன்."

"வாயைத் திறக்காதே," என்று புதியது கிசுகிசுத்தது. "அங்கே தண்ணீர் வந்து பத்து வருஷமாகிறது. ஓடை வழியை மறந்திருக்கும்."

"மலையை யாரும் நகர்த்தவில்லையே, எப்படி மறக்கும்?" என்ற பழையது உரக்கக் கூப்பிட்டது. "அம்மா, அந்த மனை வேண்டாம். வெள்ளம் உங்கள் வாசலில் நுழைந்து கொல்லையில் வெளியேறும்."

மயில்சாமிக்குச் சுருக்கென்றது. "ஆடு மாடு போற தடமுங்க அது. நானே பார்த்திருக்கேன்."

"என் பழுப்புக் கோடுகளைப் பாருங்கள். அந்த இடத்தில் ஒவ்வொன்றும் மலைப்பக்கம் வளைகிறது. அது பள்ளம். வெறும் தடத்துக்காக என் கோடு எதுவும் வளையாது."

மயில்சாமி விரலால் தடவிப் பார்த்தார். "தப்புப் பண்ணிட்டேனுங்க."

"ஏனுங்க, குழந்தைகளோட குடிவந்திருப்பேனே!" என்று சரசம்மாள் பதறிப்போய் உட்கார்ந்துவிட்டாள். மயில்சாமி அவளுக்கு மேட்டில் வேறு மனை தந்தார். பள்ளத்திலிருந்த சாலையையும் ஆறு மனைகளையும் அழித்தார். புதிய வரைபடம் அழுது தீர்த்தது.

அடுத்த ஐப்பசியில் மலையில் கொட்டிய மழை அந்தப் பள்ளத்தில் மார்பளவு இறங்கி ஓடியது. மேட்டிலிருந்த சரசம்மாளின் வீட்டில் தையல் இயந்திரம் நிற்காமல் ஓடியது.

மழை விட்டதும் ஒருவர் மனை பார்க்க வந்தார். வரைபடத்தின் நடுவில் விரலை வைத்து, "இவ்வளவு இடத்தைச் சும்மா போட்டிருக்கீங்களே?" என்றார்.

மயில்சாமி வாய் திறப்பதற்குள் புதிய வரைபடமே பதில் சொன்னது: "சும்மா இல்லை. அங்கே ஓடை குடியிருக்கிறது."