கோட்டையைப் பிடிக்க வந்த சொல்

கடலோரத்து மகரத்துறையை முன்னொரு காலத்தில் செண்பகமாறன் என்ற ராஜா ஆண்டுவந்தார். கோபம் அவருக்கு மூக்கு நுனியில். சபையில் இங்கிலீஷ் தெரிந்தவர் தாண்டவராயர் ஒருவர்தான். அந்தப் பெருமையில் அவருக்குக் கால் தரையில் பாவாது.

ஒருநாள் வெள்ளைக்கார வியாபாரிகளின் தூதன் கடிதம் கொண்டுவந்தான். படித்ததும் தாண்டவராயர் அலறினார்.

"மோசம் மகாராஜா! கப்பலில் வருகிறார்களாம், 'ஃபோர்ட்நைட்' வேண்டுமாம். ஃபோர்ட் என்றால் கோட்டை, நைட் என்றால் ராத்திரி. ராத்திரியோடு ராத்திரியாகக் கோட்டையைப் பிடிக்கப் பார்க்கிறார்கள்!"

"இவனைச் சிறையில் தள்ளு! கப்பல் கண்ணில் பட்டதும் பீரங்கியால் சுடு!" என்று ராஜா கர்ஜித்தார்.

அரண்மனை விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்ற வந்திருந்த பொன்னுருவி இதைக் கேட்டாள். வெள்ளைக்காரர் பங்களாவுக்கும் எண்ணெய் கொடுப்பவள் அவள்தான். அந்தச் சொல் அவள் காதுக்குப் பழக்கம். இதற்காகவா இத்தனை உயிர் போக வேண்டும்?

"மகாராஜா, அந்தச் சொல்லில் கோட்டை இல்லை" என்றாள்.

"செக்காட்டுகிறவளுக்கு இங்கிலீஷா?" என்று இளித்தார் தாண்டவராயர்.

"நிரூபித்துக் காட்டு. தவறினால் உனக்கும் சிறைதான்" என்றார் ராஜா.

பொன்னுருவி தூதன் முன்னால் போய் எண்ணெய்க் குடுவையைக் கவிழ்த்துக் காட்டினாள். "ஆயில்? ஃபோர்ட்நைட்?"

தூதன் முகம் மலர்ந்தது. பத்து விரலையும் விரித்தான். பிறகு நான்கு விரலைக் காட்டினான்.

"பதினாலு நாள் மகாராஜா! ஃபோர்ட்நைட்டுக்கு ஒருதரம் பங்களாவுக்கு எண்ணெய் கொண்டுபோகிறேன். ராயர் சொல்வதுபோல் என்றால், இதற்குள் நான் எத்தனை கோட்டையைப் பிடித்திருக்க வேண்டும்!"

சபை குலுங்கிச் சிரித்தது. ராஜாவும் சிரித்துவிட்டார்.

"ராயரே, இப்போது ஒழுங்காகப் படியும்."

தாண்டவராயருக்கு நாக்குக் குழறியது. "கப்பல் பழுதாம்... சரிசெய்யும்வரை பதினாலு நாள் துறையில் தங்க இடம் கேட்கிறார்கள்."

ராஜா தூதனை விடுவித்தார். பொன்னுருவிக்குப் பட்டுச்சேலை கொடுத்து, "இனி வெளிநாட்டுக் கடிதம் வந்தால் நீயும் சபையில் உட்கார்" என்றார். "ஆமாம், இதற்கு நம் பாஷையில் சொல் இருக்கிறதா?"

"இல்லாமலா? பட்சம் என்போம். நமக்குப் பதினைந்து நாள்" என்றாள் அவள், தலை நிமிர்ந்து.

ராஜா மீசையை முறுக்கிக்கொண்டார். "எழுதும் ராயரே: 'ஒரு பட்சம் தங்குங்கள். நீங்கள் கேட்டதைவிட ஒருநாள் கூடுதல். எங்கள் பாஷையில் அன்புக்கும் பட்சம் என்றுதான் பெயர்.'"

தாண்டவராயர் குனிந்த தலை நிமிராமல் எழுதினார்.