மாஸ்டரின் கடலைமிட்டாய்

அந்தோணிசாமி மாஸ்டரை ஊரே மிட்டாய் மாஸ்டர் என்றுதான் சொல்லும். பாஸ்கெட்பால் மைதானத்து ஓரத்தில் நின்றால் அவர் கன்னம் புடைத்திருக்கும். உள்ளே கடலைமிட்டாய்.

அவரிடம் ஆடிப் பழகி, அணிக்குக் கேப்டனாகவும் இருந்த செண்பகவல்லி இப்போது ஒரு பெண்கள் கல்லூரியில் கோச். அவள் குரலுக்கு மைக் தேவையில்லை.

அரையிறுதிக்கு முதல்நாள் அவரைத் தேடி வந்தாள். தோற்றால் அணியையே கலைத்துவிடுவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

“மாஸ்டர், கேப்டனை மூணு தடவை மாத்திட்டேன். ஒருத்திகூட முன்னால வந்து நிக்க மாட்டேங்கிறா. உங்க டீம்ல மட்டும் எப்படி வந்தோம்?”

“நாளைக்கு வந்து பாக்கிறேன்,” என்றார்.

வந்தார். பெஞ்சுக்குப் பின்னால் உட்கார்ந்தார். “சுகந்தி, பாஸ் குடு! பூங்கோதை, பின்னால போ!” என்று வல்லி தொண்டை கிழியக் கத்தினாள். மாஸ்டர் பந்தைப் பார்க்கவே இல்லை. பெண்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது என்று வல்லிக்கு மண்டை குடைந்தது.

இடைவேளையில் கேட்டேவிட்டாள். “என்ன மாஸ்டர் பாக்கிறீங்க?”

“இனிமே பெஞ்சோட அந்தக் கோடியில நின்னு கத்து. சொல்றேன்.”

நின்றாள். கத்தினாள். ஐந்து தலைகளும் அந்தக் கோடிக்குத் திரும்பின. பந்து வைத்திருந்தவளும் திரும்பினாள். கண்மூடித் திறப்பதற்குள் எதிரணி பந்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டது.

மாஸ்டர் சட்டைப் பைக்குள் கைவிட்டு மிட்டாயைத் துழாவினார்.

கடைசி நிமிடம். இரண்டு புள்ளி பின்தங்கல், பந்தும் எதிரணியிடம். வல்லி டைம் அவுட் கேட்டாள். பெண்கள் ஓடி வருவதற்குள் மாஸ்டர் பின்னாலிருந்து கை நீட்டினார்.

“ஆ காட்டு.”

“இப்பவா மாஸ்டர்?”

கேட்கத் திறந்த வாய்க்குள் பெரிய துண்டு மிட்டாய் விழுந்தது.

“கடிக்காதே. தானா கரையட்டும்.”

அவர் சொல்லை மீறி அவளுக்குப் பழக்கமில்லை. மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டிக்கொண்டன. பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள்.

பேசியது பூங்கோதை. ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்று வல்லியிடம் தினமும் திட்டு வாங்குகிறவள்.

“அந்த ஏழாம் நம்பர் எப்பவும் இடது பக்கந்தான் திரும்புறா. நான் மறிக்கிறேன். சுகந்தி, நீ மூணு புள்ளிக் கோட்டுக்கு ஓடிரு. பாக்காமத்தான் எறிவேன், பிடிச்சுக்க.”

வல்லி அதைக் கவனித்ததே இல்லை.

முதல் தடவை மறித்தபோது ஏழாம் நம்பர் தப்பிவிட்டாள். “விடாதீங்கடி!” என்று ஒரு சத்தம் வந்தது. பூங்கோதைக்கு அப்படி ஒரு குரல் இருந்தது வல்லிக்குத் தெரியாது. அடுத்த அடியில் பந்து பூங்கோதை கையில். பிறகு சுகந்தி கையில். பிறகு வலையில்.

ஒருத்தியும் பெஞ்சைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு புள்ளியில் ஜெயித்தார்கள். எல்லோரும் பூங்கோதையைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். வல்லி அழுதுகொண்டே, நாக்கில் மிச்சமிருந்த வெல்லத்தை விழுங்கினாள். திடீரென்று மாஸ்டரின் கன்னத்தைப் பார்த்தாள்.

“மாஸ்டர், அந்தக் காலத்துல நீங்க சரியான மிட்டாய்ப் பைத்தியம்னு நாங்க சிரிப்போம்.”

“தெரியும். எனக்கு இனிப்பே ஆகாது, வல்லி.”